இன்சூரன்ஸில் விட்ட கார் இன்னும் வரவில்லையா? யாரிடம், எப்போது, என்ன கேட்பது

இடிபட்ட காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டு இரண்டு வாரம் ஆகிவிட்டது. சர்வீஸ் அட்வைசரைக் கேட்டால், "அப்ரூவல் இன்னும் வரலை சார்" என்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், "ஒர்க்‌ஷாப்ல இருந்து எஸ்டிமேட் வரணும்" என்கிறார்கள். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று தோன்றும். பல நேரங்களில் இரண்டுமே உண்மைதான். முதல் எஸ்டிமேட் எப்போதோ போய்விட்டது. வண்டியைப் பிரித்துப் பார்த்த பிறகு போட வேண்டிய இரண்டாவது எஸ்டிமேட் அட்வைசரின் கம்ப்யூட்டரில் பாதியில் நிற்கிறது.

கிளெய்ம் வண்டி நான்கு கைகளுக்கு நடுவே மாறிக்கொண்டே இருக்கும்: சர்வேயர் (இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர்), இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் பிரிவு, ஒர்க்‌ஷாப்பின் ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவு, பாடி ஷாப். இன்றைக்கு அது யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் தினமும் அட்வைசருக்கு மட்டும் போன் போட்டுக்கொண்டிருந்தால் கிடைக்கும் பதில் "நாளைக்கு" மட்டுமே. கீழே உள்ளது இந்தியாவில் சொந்த உபயோகக் காருக்கான ஓன் டேமேஜ் கிளெய்மை, அதாவது உங்கள் காருக்கே வந்த சேதத்துக்கான கிளெய்மைப் பற்றியது. எதிராளிக்கு நேர்ந்த காயம், நட்டம் தொடர்பான தேர்டு பார்ட்டி வழக்குகளின் பாதை வேறு.

முதல் நாள்

பின்னால் வரும் தாமதங்களில் கணிசமானவை முதல் நாளிலேயே விதைக்கப்படுகின்றன.

வண்டியை நகர்த்துவதற்கு முன் நான்கு மூலையிலிருந்தும் போட்டோ எடுங்கள். ஒவ்வொன்றிலும் நம்பர் பிளேட் தெரிந்தால் நல்லது. அடிபட்ட இடம் அருகில் ஒன்று, வண்டிக்கு அடியில் தரையில் ஏதாவது ஒழுகியிருந்தால் அது ஒன்று, ஓடோமீட்டர் ஒன்று.

முன்பக்கம் அடிபட்டிருந்தால் ஸ்டார்ட் செய்து ஓட்டிப் பார்க்காதீர்கள். ரேடியேட்டரில் கூலன்ட் இல்லாமல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினாலே இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போகலாம். விபத்துக்குப் பிறகு சரிசெய்யாமல் ஓட்டியதால் கூடுதலாக வந்த சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. மழைவெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். இன்ஜினுக்குள் தண்ணீர் போனபின் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்கும் பாதுகாப்பு) இல்லாத பாலிசியில் அந்தச் செலவு கிடைப்பது மிகக் கடினம். கிடைக்குமா கிடைக்காதா என்ற வாதத்திலேயே ஒரு மாதம் ஓடிவிடும்.

அன்றைக்கே நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் நம்பர் வாங்குங்கள். "நாங்களே இன்டிமேட் பண்ணிக்கிறோம் சார், நீங்க கெளம்புங்க" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வது உதவும் மனத்தோடுதான். ஆனால் அவர்கள் மூன்று நாள் கழித்துச் செய்தால், இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு சொல்ல வேண்டிய கெடு அன்றுதான் தொடங்கும். மேலும் "ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிவித்தீர்கள்" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

ரெக்கவரி வண்டி ஏற்றுவதற்கு முன் ஒர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுங்கள். வண்டி ஒருமுறை உள்ளே போய்ப் பிரித்துவிட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. போனில் மூன்று கேள்வி போதும்: என் இன்சூரன்ஸ் கம்பெனியோடு கேஷ்லெஸ் இன்றைய தேதியில் இருக்கிறதா? பாடி ஷாப்பில் இப்போது எத்தனை வண்டி நிற்கிறது? பெயிண்ட் பூத் உங்களிடமே இருக்கிறதா, வெளியே அனுப்புவீர்களா? வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஷோரூமைவிட, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அதே பிராண்டின் சின்ன டீலர் பத்து நாள் முன்னதாக வண்டியைக் கொடுப்பதுண்டு. ரெக்கவரி செலவைப் பொறுத்தவரை, காருக்கான வழக்கமான பாலிசி ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய் வரை தரும். ரோடுசைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

காகிதங்கள்: பாலிசி, ஆர்.சி., விபத்தின்போது ஓட்டியவரின் லைசென்ஸ், கையெழுத்திட்ட கிளெய்ம் பாரம், கே.ஒய்.சி.க்கு ஆதார், பான். யாருக்காவது காயம், அல்லது அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றால் போலீஸ் பதிவு வேண்டும். நீங்களே சுவரில் இடித்த சின்ன விஷயத்துக்குப் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். கேட்டால் தமிழ்நாட்டில் ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வைத்து முடித்துக்கொள்ளலாமா என்று சர்வேயரிடமே கேளுங்கள்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்.சி. உங்கள் பெயரில், பாலிசி பழைய உரிமையாளர் பெயரில் என்றால் கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும். பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்ற விண்ணப்பித்திருக்க வேண்டும். அதேபோல, முந்தைய கம்பெனியில் கிளெய்ம் வாங்கிவிட்டு, புதுக் கம்பெனியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) வாங்கியிருந்தால் பழைய கம்பெனிக்கு மெயில் போய் உண்மை தெரிந்துவிடும். அதன்பின் வருவது தாமதமல்ல, மறுப்பு.

வண்டியை விடும்போது ஜாப் கார்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் தேதி, நேரம், கிலோமீட்டர், பெட்ரோல் அளவு இருக்க வேண்டும். டாஷ்போர்டில் இருக்கும் சாமான்கள், டிக்கியில் இருப்பவை எல்லாம் வீட்டுக்கு.

சட்டம் தரும் கெடு எதற்கு, எதற்கில்லை

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் வெளியிட்ட ஜெனரல் இன்சூரன்ஸ் மாஸ்டர் சர்க்குலரில் மூன்று கெடுக்கள் இருக்கின்றன. கிளெய்ம் தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். நியமித்த 15 நாளுக்குள் சர்வே ரிப்போர்ட் வர வேண்டும். ரிப்போர்ட் வந்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். கார் கிளெய்மில் 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் லைசென்ஸ் பெற்ற சர்வேயர் கட்டாயம். அதற்குக் கீழே கம்பெனி தன் ஆளை வைத்தோ, ஆப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியோ முடித்துவிடலாம். சின்ன அடியென்றால் "வீடியோ சர்வே முடியுமா" என்று நீங்களே கேளுங்கள். இரண்டு நாள் மிச்சம்.

இந்த மூன்றில் எதுவும் ரிப்பேரை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கெடு முழுவதும் பணம் தருவதா வேண்டாமா என்ற முடிவுக்கு. பம்பர் வரவில்லை, பெயிண்டர் வரவில்லை என்பதற்கு இந்தச் சர்க்குலரைக் காட்டிப் பயனில்லை. அங்கே உங்களுக்குத் துணை நுகர்வோர் சட்டமும், கார் கம்பெனியின் கஸ்டமர் கேரும். ஆளை மாற்றி ஆயுதத்தைக் காட்டினால் இரண்டு பக்கமும் உங்களைப் பந்தாடுவார்கள்.

ஆறு தேதிகள்

ஒரு தாளில் இந்த ஆறையும் எழுதி வைத்துக்கொண்டு, தெரிந்தவற்றை நிரப்புங்கள்:

1. கிளெய்ம் நம்பர் வந்த தேதி
2. சர்வேயர் வண்டியை முதலில் பார்த்த தேதி
3. முதல் எஸ்டிமேட் போன தேதி, ஒர்க் அப்ரூவல் வந்த தேதி
4. பிரித்த தேதி, கூடுதல் எஸ்டிமேட் போன தேதி, அதற்கு அப்ரூவல் வந்த தேதி
5. ஸ்பேர் ஆர்டர் போட்ட தேதி, கடைசி ஸ்பேர் வந்த தேதி
6. பெயிண்ட் முடிந்து ரீ-இன்ஸ்பெக்‌ஷனுக்குச் சொன்ன தேதி

எந்த வரியிலிருந்து தாள் காலியாகிறதோ, அங்கேதான் வண்டி நிற்கிறது. அட்வைசரிடம் "எப்ப சார் வரும்" என்று கேட்காமல், "கூடுதல் எஸ்டிமேட்டை எந்தத் தேதியில் சர்வேயருக்கு அனுப்பினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் தொனியே மாறும்.

எவ்வளவு நாள் நியாயம்? பம்பரும் ஒரு கதவும் போன்ற மேல் வேலைக்கு, ஸ்பேர் கையில் இருந்தால், அப்ரூவலுக்குப் பிறகு நான்கைந்து வேலை நாள். ரேடியேட்டர், கண்டென்சர், ஹெட்லேம்ப் வரை போன முன்பக்க அடிக்கு இரண்டு வாரம். ஏப்ரன் (முன்பக்க உள் தகடு) வளைந்து இழுக்க வேண்டியது, ஏர்பேக் வெடித்தது என்றால் ஒரு மாதம் தாண்டினால் அதிர்ச்சி வேண்டாம்.

கூடுதல் எஸ்டிமேட் என்ற கண்ணி

அதிக நாள் வீணாகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

முன்பக்கம் இடித்த ஒரு ஹேட்ச்பேக். வெளியிலிருந்து பார்த்தால் பம்பர், கிரில், பானெட், ஒரு ஹெட்லேம்ப். சர்வேயர் வந்து பார்த்து நான்குக்கும் அப்ரூவல் தருகிறார். பம்பரைக் கழற்றுகிறார்கள். உள்ளே பம்பர் பீம் மடிந்திருக்கிறது, கண்டென்சரின் மெல்லிய தகடுகள் நசுங்கியிருக்கின்றன, ரேடியேட்டர் விசிறியின் ஷ்ரௌட் உடைந்திருக்கிறது, ஃபெண்டர் லைனர் கிழிந்திருக்கிறது, இரண்டு டஜன் கிளிப்புகள் போயிருக்கின்றன. இவற்றுக்கு மறுபடி எஸ்டிமேட், மறுபடி சர்வேயர் வருகை, மறுபடி அப்ரூவல். அது வந்த பிறகு ஆர்டர் போட்டு, ஸ்பேர் வந்து, மாட்டும்போது ஏ.சி. காஸ் நிற்கவில்லை, பைப்பும் போயிருக்கிறது என்று மூன்றாவது முறை. ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கைந்து நாள் வைத்தால் மூன்று சுற்றில் இரண்டு வாரம் காணாமல் போய்விட்டது. இத்தனைக்கும் இது வேலை செய்த நேரமே இல்லை, அப்ரூவலுக்குக் காத்திருந்த நேரம் மட்டும்.

தடுக்க வழி இருக்கிறது. சர்வேயர் முதல் முறை வரும் நாளிலேயே வண்டியைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து மட்டும் பார்க்க வேண்டாம், அடிபட்ட பகுதியை முழுதாகக் கழற்றி ஒரே எஸ்டிமேட்டாகப் போடுங்கள் என்று அட்வைசரிடம் கேளுங்கள். ஒர்க்‌ஷாப் தயங்கும், கிளெய்ம் மறுக்கப்பட்டால் பிரித்த கூலியை யார் தருவது என்பது அவர்கள் கவலை. "கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் பிரிப்புக் கூலியை நான் தருகிறேன், எவ்வளவு?" என்று எழுதிக் கொடுத்தால் பிரிப்பார்கள். பாலிசி, லைசென்ஸ், பெயர் எல்லாம் சரியாக இருக்கும் கிளெய்மில் இந்தத் துணிச்சல் நியாயமானது. கூடவே கண்டென்சர், ரேடியேட்டர், ஏ.சி. பைப் ஆகியவற்றை அழுத்தம் கொடுத்து ஒழுக்கு சோதனை செய்து எஸ்டிமேட்டோடு போட்டோ வைக்கச் சொல்லுங்கள். பிறகு முளைக்கும் மூன்றாம் சுற்று இதில் அடிபட்டுப் போகும்.

இன்னொரு முட்டுக்கட்டை, ரிப்பேரா புதுசா என்ற இழுபறி. ஒர்க்‌ஷாப் புதுப் பானெட் கேட்கும், சர்வேயர் டிங்கரிங் பண்ணினால் போதும் என்பார், மெயில் போய்வந்துகொண்டிருக்கும். ஏர்பேக், சீட் பெல்ட், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் என்றால் புதுசுக்கு விட்டுக்கொடுக்காமல் நில்லுங்கள். வெறும் தகடு என்றால் நல்ல டிங்கர் கையில் சரியாகிவிடும். புதுப் பானெட்டுக்கு மூன்று வாரம் காத்திருப்பதைவிட ரிப்பேர் நல்லது. பாடி ஷாப்புக்குப் புது பாகத்தில் லாபம் உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேர் வரவில்லை என்றால்

"பேக் ஆர்டர்ல இருக்கு" என்ற வாசகத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பார்ட் நம்பர், ஆர்டர் போட்ட தேதி, கார் கம்பெனி தந்த உத்தேச வருகைத் தேதி, இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பல நேரம் அப்போதுதான் ஆர்டரே போடுவார்கள். சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்க்காமல் மாடல் பெயரை வைத்து ஆர்டர் போட்டு, தவறான ஹெட்லேம்ப் வந்து திரும்பிப் போவதும் நடக்கிறது. ஒரே மாடலின் இரண்டு வேரியன்டுக்கு விளக்கும் பம்பரும் வேறு வேறு. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கேட்டுச் சரிபார்த்தார்களா என்று ஒருமுறை கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பார்ட் நம்பர் கையில் வந்ததும் செய்ய வேண்டியது: அதே பிராண்டின் வேறு ஊர் டீலர்களுக்குப் போன் போட்டு இருப்பு கேளுங்கள். சென்னையில் இல்லாத பாகம் சேலத்திலோ திருச்சியிலோ அலமாரியில் இருக்கலாம்; டீலருக்கு டீலர் மாற்றிக்கொள்வது அவர்களுக்குள் வழக்கம்தான், யாராவது சொன்னால் செய்வார்கள். அதற்கும் வழியில்லையென்றால் கார் கம்பெனியின் கஸ்டமர் கேரில் சேஸிஸ் நம்பர், பார்ட் நம்பரோடு புகார் பதியுங்கள். டிப்போவிலிருந்து யாருக்கு முதலில் அனுப்புவது என்பது அவர்கள் கையில். வெளிக்கடையில் பாகம் வாங்குவதானால் சர்வேயரின் எழுத்துச் சம்மதமும் ஜி.எஸ்.டி. பில்லும் இல்லாமல் வாங்காதீர்கள்.

இந்தியாவை விட்டுப் போன பிராண்டுகளுக்குப் பொறுமை கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் செவர்லே விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் எஸ்டிமேட் போடும்போதே, பாகம் கிடைப்பதை உறுதிசெய்த பிறகு பிரிக்கச் சொல்வது நல்லது.

வண்டி ஓடும் நிலையில் இருந்து, காத்திருப்பது பம்பர், மோல்டிங் மாதிரியான மேல் பாகத்துக்கு மட்டும் என்றால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஸ்பேர் வந்ததும் விடலாம். சர்வேயருக்கும் கம்பெனிக்கும் ஒரு மெயில்: இந்த ஸ்பேர் வரும்வரை வண்டியை எடுத்துச் செல்கிறேன், கிளெய்ம் திறந்தே இருக்கட்டும், இன்றைய போட்டோ இணைப்பில். அவர்கள் சரி என்று பதில் போட்ட பின் எடுங்கள். ஹெட்லேம்ப் இல்லாமலோ, ஏர்பேக் வெடித்த நிலையிலோ, டை ராட் வளைந்தோ எடுத்துவிடாதீர்கள்.

பாடி ஷாப் வரிசை

ஸ்பேர் எல்லாம் வந்தும் வண்டி தூசி படிந்து கிடக்கிறதா? அப்படியென்றால் ஆள் பற்றாக்குறை, அல்லது பூத் வரிசை. டிங்கரிங், பட்டி, தேய்ப்பு, பிரைமர், கலர், கிளியர் கோட், பூத்தில் ஏறக்குறைய 60 டிகிரியில் உலர்த்தல், பிறகு பாலிஷ்: இத்தனையும் கைவேலை. ஒரு பூத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். காப்பி குடித்துவிட்டு நேரில் ஒரு நடை போய் வாருங்கள், போனைவிடப் பயன். ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் "எங்க வண்டிக்கு பூத் எந்த நாள்" என்று கேட்டு அந்தத் தேதியை அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். அவசரப்படுத்தி பட்டி காயாமல் கலர் அடிக்க வைத்தால் மூன்று மாதத்தில் ஓரம் தெரியும். ஆகவே பூத் தேதிக்கு அழுத்தம் கொடுங்கள், காய்வதற்கான நேரத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

சென்னையில் 2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன்ற காலங்களில் கணக்கே வேறு. எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் ஒரே வாரத்தில் வெள்ள வண்டிகள் குவிந்துவிடும். அப்போது வரிசையில் முன்னேறுவதைவிட முக்கியம், உள்ளே ஈரம் தங்கி வயரிங்கும் ஈ.சி.யூ.வும் துருப்பிடிப்பதைத் தடுப்பது. பேட்டரியைக் கழற்றி, சீட், கார்பெட் எடுத்து உலர்த்தும் வேலையை மட்டும் முதலில் செய்யச் சர்வேயரிடம் மெயிலில் அனுமதி கேளுங்கள்.

கடைசி நாள் சண்டை

வேலை முடிந்தது, வண்டி கழுவி நிற்கிறது, ஆனால் டெலிவரி இல்லை. இங்கே இரண்டு காரணம். ஒன்று, ரீ-இன்ஸ்பெக்‌ஷன். மாற்றிய பழைய பாகங்களைச் சர்வேயர் பார்க்க வேண்டும். ஒர்க்‌ஷாப் அவற்றைக் குப்பையில் போட்டிருந்தால் பேச்சு வளரும். பழைய பாகங்களை வண்டி நம்பர் எழுதி ஓரமாக வைக்க முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்தது, கம்பெனி எவ்வளவு தரும் என்று எழுதி அனுப்பும் டி.ஓ. எனப்படும் டெலிவரி ஆர்டர். வேலை முடிவதற்கு இரண்டு நாள் முன்பே பில்லை அனுப்பச் சொன்னால் இதற்காக வண்டி நிற்காது.

உங்கள் பங்கு எவ்வளவு என்று முன்பே கணக்குப் போட்டுவையுங்கள். கவுன்டரில் நின்று வாதாடினால் வார இறுதி போய்விடும். ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத ஆட்-ஆன்) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர், ஏர்பேக்குக்கு 50 சதவீதம் கழிவு. ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: ஆறு மாதம் வரை இல்லை, ஓராண்டு வரை 5, இரண்டாண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50. பெயிண்டிங் பில் மொத்தமாக இருந்தால் அதில் 25 சதவீதத்தைப் பொருளாக எடுத்து அதில் பாதி கழிப்பார்கள். இவற்றோடு கட்டாயக் கழிவாக 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000.

எடுத்துக்காட்டுக்கு மூன்றரை வயதான 1,200 சி.சி. கார். பம்பர் 8,000 ரூபாய்: உங்கள் பங்கு 4,000. பானெட் 9,000: 2,250. பெயிண்டிங் 12,000: பொருள் 3,000, அதில் பாதி 1,500. கட்டாயக் கழிவு 1,000. மொத்தம் 8,750. இதற்கு மேல் கேட்டால் எதற்கு என்று வரி வரியாகக் கேளுங்கள். ஆயில், கூலன்ட், கிளிப், நட்டு, போல்ட்டு வகையறா கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன் இல்லாவிட்டால் உங்கள் தலையில்தான்.

டோட்டல் லாஸ் எல்லையில் தொங்கும் வண்டி

ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் செய்யாமல் முழு இழப்பாகக் கணக்கிடுவது. எஸ்டிமேட் 70-க்கும் 80-க்கும் நடுவே ஊசலாடும் வண்டிகள்தான் மிக அதிக நாள் கிடப்பவை. ஒர்க்‌ஷாப் வேலையைத் தொடங்காது, கம்பெனியும் முடிவு சொல்லாது. இங்கே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "ரிப்பேரா, டோட்டல் லாஸா, எழுத்தில் முடிவு தாருங்கள்." இப்படித் தொங்கும் நாட்களுக்குப் பார்க்கிங் கட்டணம் யார் தலையில் என்பதையும் அதே மெயிலில் கேளுங்கள். லோன் இருந்தால் பேங்கின் ஆட்சேபமில்லைச் சான்றான என்.ஓ.சி.க்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அதற்கே சில வாரம் ஆகும்.

எழுத்தில் கேட்பது, மேலே போவது

போனில் பேசியது பேச்சோடு போகும். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் மூன்று வரி மெயில். இப்படி இருந்தால் போதும்:

"கிளெய்ம் எண் ..., வண்டி எண் ... 3-ஆம் தேதி தகவல் தெரிவித்தேன். 5-ஆம் தேதி சர்வேயர் பார்த்தார். 9-ஆம் தேதி கூடுதல் எஸ்டிமேட் அனுப்பியதாக ஒர்க்‌ஷாப் சொல்கிறது, நகல் இணைப்பில். அப்ரூவல் நிலவரத்தையும் ஏதாவது பாக்கி இருந்தால் அதன் பட்டியலையும் நாளை மாலைக்குள் தெரிவிக்கவும்."

திட்டோ, கெஞ்சலோ வேண்டாம். இதை இன்சூரன்ஸ் கம்பெனி, சர்வேயர், ஒர்க்‌ஷாப் மேனேஜர் மூவருக்கும் ஒரே மெயிலில் அனுப்புவதில்தான் சூட்சுமம். ஒருவர் மேல் ஒருவர் பழி போட முடியாமல் போகும்.

பலனில்லை என்றால் படிகள்:

முதல் படி, இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரி. பெயரும் மெயிலும் பாலிசியிலும் வெப்சைட்டிலும் இருக்கும். புகாருக்கு 14 நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி, ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளம், அல்லது 155255, 1800 4254 732 எண்கள். ஆணையம் உங்கள் வழக்கைத் தீர்ப்பளிக்காது, கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கும். ஆனால் புகார் எண் விழுந்ததும் உள்ளே வேறு மேசைக்குப் போகும் என்பதால், அப்ரூவல் தாமதத்துக்கு இதுவே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

மூன்றாம் படி, இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை விசாரிக்கலாம். தமிழ்நாடு, புதுச்சேரிக்கான அலுவலகம் சென்னையில். கவனிக்க: ஒர்க்‌ஷாப் மேல் இவருக்கு அதிகாரம் கிடையாது, இன்சூரன்ஸ் கம்பெனி மேல் மட்டும்தான்.

ஒர்க்‌ஷாப் மேல் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தொடங்குங்கள். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டு அவகாசம். அங்கே கேட்கப்படும் முதல் தாள் ஜாப் கார்டு, அடுத்தது உங்கள் மெயில்கள். ஒரே விஷயத்தை ஆம்பட்ஸ்மனிடமும் நுகர்வோர் ஆணையத்திலும் ஒரே நேரத்தில் போட முடியாது.

நீங்கள் மறக்கும் சில்லறைகள்

வண்டி உள்ளே கிடக்கும்போது பாலிசி முடிகிறதா? முடியும் தேதிக்கு முன்பே ரினியூவல் செய்துவிடுங்கள். விபத்து நடந்த நாளில் இருந்த பாலிசிதான் இந்த கிளெய்முக்குப் பொறுப்பு, அதனால் புதுப்பிப்பதால் கிளெய்ம் கெடாது. விட்டுவிட்டால் மறுபடி எடுக்க வண்டியை இன்ஸ்பெக்‌ஷன் செய்ய வேண்டும். பம்பர் இல்லாமல் பானெட் திறந்து நிற்கும் வண்டியை எவர் பாஸ் பண்ணுவார்? இந்த கிளெய்முக்குப் பிறகு நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பதை ரினியூவலில் உண்மையாகச் சொல்லுங்கள்.

வண்டி இல்லாத நாட்களுக்குத் தினப்படி தரும் ஆட்-ஆன் உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் காசு கட்டியிருந்தும் கேட்பதில்லை. எந்த நாளிலிருந்து, அதிகபட்சம் எத்தனை நாள் என்பது பாலிசியில் இருக்கும். வண்டி உள்ளே போன தேதிக்கு ஜாப் கார்டுதான் சாட்சி.

இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் வண்டியில் பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் டெலிவரி நாளில் செத்த பேட்டரிக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள். முன் கண்ணாடி மாற்றினால் பழைய ஃபாஸ்டேக் அதோடு போய்விடும்; புது டேக்குக்குப் பேங்கில் அன்றே விண்ணப்பியுங்கள், இல்லாவிட்டால் முதல் டோல்கேட்டிலேயே கூடுதல் கட்டணம்.

டெலிவரி எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா, பெயிண்ட் நிறம் பக்கத்துப் பேனலோடு ஒத்துப்போகிறதா, ஹெட்லேம்ப் இரண்டும் ஒரே உயரத்தில் அடிக்கிறதா, நேர் ரோட்டில் ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுக்கிறதா, ஏ.சி. பத்து நிமிடம் ஓடியபின்னும் குளிர்கிறதா. வேலை திருப்தி என்ற சாட்டிஸ்பேக்‌ஷன் வவுச்சரில் இதற்கெல்லாம் பிறகு கையெழுத்து போடுங்கள். குறை இருந்தால் அந்தத் தாளிலேயே குறையை எழுதி, அதன் கீழே கையெழுத்து.